மஞ்சள் தடவிய சங்கரா

மூன்று வருடங்களுக்கு முன்பு, உயிர் தொழில்நுட்பவியலில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு வடசென்னையில், காலடிப்பேட்டையில். ப்ராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, சங்கரா மீனின் செவுளிலும் குடலிலும் வாழும் பாக்டீரியா. மாதம் ஒருமுறை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், அன்று வந்த மீனில் மூன்றை வெட்டாமல், கழுவாமல் முழுசாக வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கல்லூரி லேபுக்கு ஓட வேண்டும். இப்படி ஆறு மாதம்.

வாங்கியது எப்போதும் ஒரே அக்காவிடம்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் முதல் நாளே ஒரு பொய் சொன்னேன். எண்ணூர் பக்கத்து மீனில் கழிவு கலந்திருக்கிறது என்று டிவியில் ஒரு வரி வந்தாலே இங்கே வியாபாரம் படுத்துவிடும். சோதனைக்கு என்றால் தரமாட்டாரோ என்று பயந்து, வீட்டுச் சமையலுக்கு என்றேன். மூன்றே மீனா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தவர், புதுசாகக் கல்யாணமான பெண், இரண்டு பேர் குடித்தனம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். நானும் தலையாட்டி வைத்தேன். அதன்பிறகு மாதாமாதம், வீட்டுக்காரருக்கு மீன் பிடித்ததா என்று விசாரிப்பார். இல்லாத மனிதருக்கு ரொம்பப் பிடித்ததாகச் சொல்லுவேன். ஒரு தடவை, குழம்பில் புளி தூக்கல் என்று அவர் கோபித்துக்கொண்டதாகக்கூட அளந்துவிட்டேன்.

காசிமேட்டில் மீன் வாங்கியதும் எல்லோரும் பக்கத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கொடுத்து வெட்டி வாங்கிப் போவார்கள். நான் மட்டும், என் கைக் கிருமி மீனில் ஒட்டிவிடாமல் இருக்க, ஒரு புதுக் கவரைக் கையுறை மாதிரி மாட்டி, மீனைப் பிடித்து, கவரை அப்படியே திருப்பி மூடிக்கொண்டு நழுவிவிடுவேன். மீனைத் தொடவே கூசுகிற பெண், இவள் எங்கே வெட்டப் போகிறாள் என்று அக்கா மனசுக்குள் பாவப்பட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

ஆறாவது மாதத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள்தான் போனேன். மறுநாளிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த மூன்று மீன் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டை இந்த செமஸ்டரில் வாங்கமாட்டேன் என்று கைடு கறாராகச் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பஸ் நகரவேயில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எந்தக் கூடையிலும் சங்கரா இல்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். இனி இரண்டு மாதம் நல்ல மீன் கிடைக்காதே என்று எனக்காக மூன்றை எடுத்து வைத்திருந்தாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கவரைப் பிரித்தேன். மூன்று மீனும் செதில் உரசி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிப் பளபளவென்று இருந்தன. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு பாக்டீரியாவுக்கும் மஞ்சளைப் பூசிக் கதையை முடித்திருந்தார்.

யாரைக் கேட்டு வெட்டினீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பிறகு அழுகையோடு அழுகையாக எல்லா உண்மையையும் கொட்டிவிட்டேன். படிப்பு, லேப், பாக்டீரியா, புருஷன் இல்லாதது உட்பட.

 சோதனை என்றதற்கு அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"ஆறு மாசமா உன் வூட்டுக்காரு துன்னாரா, புடிச்சுதான்னு கேட்டுகினு கீறேன். ஒரு தபா சொல்லியிருக்கலாம் இல்ல கண்ணு," என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சட்டென்று எழுந்து, கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படகுகள் நிற்கும் பக்கம் போய்விட்டார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நான் நெத்திலி விற்றேன். ஒரு அம்மா நான் உளறிய விலையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். படித்த படிப்பு அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது கையில் புதுக் கவர் ஒன்று, வாய் முடிச்சிட்டு இருந்தது. உள்ளே மூன்று முழு சங்கரா. கடைசியாக வந்த படகின் ஆட்கள் தங்கள் வீட்டுக் குழம்புக்கென்று எடுத்து வைத்திருந்த மீன்.

"பரிச்சைக்குன்னு சொன்னேன், குடுத்துட்டானுங்க. நான் கை வெக்கல. நீ எடுக்கிற மாதிரியேதான் கவர திருப்பிப் போட்டு எடுத்தாந்தேன்."

ஒவ்வொரு மாதமும் என்னை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஐஸ் உருகுகிறது, ஓடு என்று விரட்டினார். மஞ்சள் தடவிய மீனையும் பையில் திணித்து, இதையாவது நிஜமாகவே வறுத்துச் சாப்பிடு என்றார். சாப்பிட்டோம். அம்மா, இவ்வளவு சுத்தமாக யார் வெட்டிக் கொடுத்தது என்று கேட்டாள்.

ஆய்வேடு சரியான நேரத்துக்குப் போனது. நன்றிப் பக்கத்தில், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்ட அக்காவின் பெயரும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, மீன் சாப்பிடுகிறவர்களை அந்தக் கிருமி ஒன்றும் செய்யாதில்லையா என்று மட்டும் கேட்டார். நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது என்றேன். கத்தாமல், அழாமல் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

இப்போது ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். யாரிடம் மாதிரி எடுக்கப் போனாலும், எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் கையுறை மாட்டுகிறேன். போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதலில் காசிமேட்டுக்குத்தான் ஓடினேன். ஆளைக் கூட்டிக்கொண்டு வா, கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னார்; ஆனாலும் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒருவரை அப்படிச் சொல்ல வைத்தது நான்தானே என்பது, இன்னும் எனக்குள் சுருக்கென்று தைத்துக்கொண்டே இருக்கிறது.