அம்மனுக்கு வைத்திருந்த சர்க்கரை

1965-ம் வருஷம், ஆனி மாத மழையில், வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் காலை பஸ்ஸில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். இங்கிலாந்தில் என் மாதிரி கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு வேலை அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன். அனுமதியும் வந்துவிட்டது. பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். மறுநாள் சென்னையில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பரிசோதனையை நினைத்துத்தான் எனக்குப் பயம். பத்தொன்பது வயதிலேயே எனக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் காலையில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, தொடையில் நானே இன்சுலின் போட்டுக்கொள்வேன். வீட்டையும் எஸ்டேட் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. கோயமுத்தூரில் மில் வேலை பார்த்த என் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "டாக்டர் கேட்டாலும் வாயைத் தொறந்துபோடாதே. ஊசி போடற ஆளுன்னு தெரிஞ்சா எவன் உடுவான்?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அன்று விடியும் முன்பே ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் இறங்கியதும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. சட்டைப்பையில் எப்போதும் கற்கண்டு வைத்திருப்பேன். பயணத்துக்குப் புதுச்சட்டை போட்ட அவசரத்தில் அது பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி பஸ்ஸின் கூரைமேல், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பெரிய மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னும் போக வழியில்லை, பின்னும் திருப்ப முடியவில்லை. டிரைவரும் நாலைந்து பேரும் கோடாரியோடு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிவிடுவார்கள் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டபாடில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் முதுகெல்லாம் வியர்த்தது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்: ஊசி போட்டும் சாப்பிடாததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. எழுந்து கண்டக்டரிடம் பெட்டியை இறக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். எழுந்தவன் அப்படியே பக்கத்து சீட்டுக்காரர் மடியில் சாய்ந்தேன். பேச வாயைத் திறந்தால் நாக்கு குழறுகிறது.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம் அது. தள்ளாடுகிற வாலிபனைப் பார்த்தால் யாருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். பக்கத்து சீட்டுக்காரர் என்னை உதறித் தள்ளினார். "காத்தாலயே ஊத்தீட்டு வந்துட்டானுங்க" என்று ஒருவர் கத்தினார். கண்டக்டர் வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "கீழ செக்போஸ்ட்ல போலீஸ்கிட்ட ஒப்படைச்சர்றேனுங்க. நீங்க சத்தம் போடாதீங்க" என்று மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு எல்லாம் கேட்டது. போலீஸ் என்றால் வழக்கு. வழக்கு என்றால் சீமைப் பயணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைவிட, செக்போஸ்ட் வரும்வரை எனக்கு நினைவு இருக்குமா என்பதே சந்தேகம். இருந்த தெம்பையெல்லாம் கூட்டி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சக்கரை... சக்கரை..."

பஸ்ஸே சிரித்தது.

முன் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தேயிலை பறிக்கிறவர், நாற்பது வயது இருக்கும். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார்.

"வாயில வாசமே இல்லீங்க. அவரு சக்கரைதான கேக்கறாரு? குடுத்துப் பாத்தாத்தான் என்னங்க?"

அவர் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. ஆனைமலை மாசாணியம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கொண்டுபோன அரிசியும் நாட்டுச் சர்க்கரையும். அவர் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்து, "சாமிக்கு வெச்சதுல கை வெக்காதீங்க அம்மணி" என்று யாரோ தடுத்தார்கள்.

"சாமிக்கு மறுக்கா வாங்கிக்கலாமுங்க" என்றார் அவர்.

டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். அந்த மண்வாசனைத் தித்திப்பு நாக்கில் பட்டதுதான் எனக்கு ஞாபகம்.

சிறிது நேரத்தில் எனக்குக் கண் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மொத்த பஸ்ஸும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதென்ன நோவுங்க தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். ஏழு வருஷமாக ஒளித்து வைத்ததை அங்கே, முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில், முழுவதும் சொன்னேன். ஊசியைச் சொன்னேன், சீமைக்குப் போவதைச் சொன்னேன். கண்டக்டர் போய்த் தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இட்லி இருக்குதுங்க, சாப்புடுங்க. இது தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டனுங்க" என்றார்.

அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை தீரவில்லை. "சீமையிலயும் சக்கரை கெடைக்குமில்லீங்க?" என்று கேட்டார். "கெடைக்குமுங்க" என்றேன். மறுபடியும் பஸ் சிரித்தது. இந்தத் தடவை நானும் சிரித்தேன். மரத்தை அகற்றி பஸ் கிளம்பிய பிறகு, ஆனைமலை போகிறவர்கள் இறங்கும் இடத்தில் அவரும் மூட்டையோடு இறங்கிப் போய்விட்டார். எந்த எஸ்டேட் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மறுநாள் சென்னையில் டாக்டர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் நடந்ததையும் சேர்த்து. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, எப்படிச் சாப்பிடுகிறேன், எப்போது ஊசி போடுகிறேன், இரவு ஷிப்டில் என்ன செய்வேன் என்று விலாவாரியாகக் கேட்டார். "மறைச்சு நானே கண்டுபிடிச்சிருந்தா என் கையெழுத்து கிடைச்சிருக்காது. ஆனா முடிவு என் கையில மட்டும் இல்லை" என்றார். என் எஸ்டேட் டாக்டரின் சான்றிதழையும் கேட்டு வாங்கினார். அதன்பிறகு பதிலே வராத மாதங்கள். நான் உண்மையைச் சொல்லிவிட்ட கோபத்தில் அண்ணன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் தை மாதம் இங்கிலாந்திலிருந்து சம்மதம் வந்தது. கப்பலேற்ற வந்த அண்ணன், "ஊசிய மறந்துபோடாதே கண்ணு" என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்.

இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பக்கத்து வேலைமேசையில் இருந்தவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் என் வியாதியைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பல வருஷம் அந்தப் பட்டறையில் முழு ஆளாகவே வேலை செய்தேன்.

உதவி கிடைக்க வேண்டுமென்றால் முதலில் நாம் வாயைத் திறக்க வேண்டும் என்பதை அந்த மலைப்பாதையில்தான் கற்றேன். அதைவிட, குழறுகிற ஒருவனின் பேச்சையும் நின்று காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருந்தால் ஒரு உயிரும் அதன் எதிர்காலமும் தப்பிவிடும் என்பதை, என் ஒவ்வொரு பிறந்தநாளும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.