பனி வராததற்கு வந்த வசவுகள்

எங்கள் மலையூரான அஜ்லூனின் கடைத்தெருவில் ஃபவ்வாஸுக்குக் கணப்பு பழுதுபார்க்கும் கடை. பக்கத்துக் கடை என்னுடையது, மளிகை. எங்கள் மலையில் குளிர் இறங்கிவிட்டால் மண்ணெண்ணெய்க் கணப்பைத் தூக்கிக்கொண்டு ஊரே அவன் வாசலில் வந்து நிற்கும். அத்தனை வேலைக்கு நடுவிலும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மேற்கே பார்ப்பான். வானிலை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. முகநூலில் 'அஜ்லூன் வானம்' என்று ஒரு பக்கம் நடத்தினான். பெரும்பாலும் சரியாகவே சொல்வான். அவன் பக்கத்தைப் பார்க்காமல் எங்கள் பெண்கள் துணி துவைக்க மாட்டார்கள்.

போன ஜனவரியில், செவ்வாய்க்கிழமை முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டும் என்று எழுதினான். ரொட்டிக் கடைகளில் தள்ளுமுள்ளு. என் கடையில் பருப்பும் மெழுகுவத்தியும் தீர்ந்துபோயின. செவ்வாய் விடிந்தது. கொஞ்சம் தூறியது. மதியம் பளிச்சென்று வெயில் அடித்தது.

வசவு ஆரம்பமானது. "பனி எங்கடா? உன் ஃப்ரிட்ஜுக்குள்ளயா?" என்றான் ஒருவன். "பனி வரல, என் மாமியார்தான் வந்தாங்க. அதையாவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் இன்னொருவன். "கணப்பு விக்கிறதுக்காகப் பனியக் கிளப்பி விடுறான் திருட்டுப்பய" என்று எழுதியவனும் உண்டு.

ஃபவ்வாஸ் ஒருவரையும் விடவில்லை. கேலி செய்தவனுக்குக் காற்றழுத்தத்தை விளக்கினான். திருடன் என்றவனைத் திருப்பித் திட்டினான். ஒரு பதிலுக்குப் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். பிரித்துப்போட்ட கணப்புகள் அப்படியே கிடந்தன. கடைசியில் வெறுத்துப்போய், கருத்துகளை வரிசையாக அழிக்க ஆரம்பித்தான்.

அதில் பக்கத்து ஊரான குஃப்ரஞ்சாவைச் சேர்ந்த அபூ ஸக்ர் என்பவர் கேட்டிருந்த கேள்வியும் போய்விட்டது. அவர் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அன்றைக்கு ஊர்வலமாக வருவதாக இருந்தது. இவன் பேச்சை நம்பித் தள்ளிப்போட்டிருந்தார்கள். மனுஷன் மறுபடி எழுதினார்: "கேள்வி கேட்டா அழிப்பியா? மீசை எதுக்குடா உனக்கு?"

அதற்கு அவன் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அது வந்தது. முகமில்லாத ஒரு கணக்கு. அவன் மகள் லுஜைன் கல்லூரி வாசலில் தோழிகளோடு நிற்கும் படம். கீழே: "உன் பொண்ணு எந்த பஸ்ஸுல வருதுன்னு எனக்குத் தெரியும். உன் பொய்க்கு அவ பதில் சொல்லட்டும்."

என் கடைக்குள் ஓடிவந்தான். கைப்பேசியை என்னிடம் காட்டினான். "அழிச்சிடுறேன்... ரபாப் கண்ணுல பட்டா உயிரையே விட்டுடுவா" என்றான்.

ரபாப் அவன் மனைவி. அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பின்னாலேயே நின்றிருந்தாள். கைப்பேசியைப் பிடுங்கிப் படித்தாள். சாப்பாட்டுத் தூக்கை என் கல்லாமேல் வைத்தாள்.

"அழிக்காதீங்க. ஒரு வார்த்தை பதிலும் போடாதீங்க."

"எப்படி ரபாப் சும்மா இருக்கிறது?"

"யாரு சும்மா இருக்கச் சொன்னா? மத்தவங்க உங்களை வைஞ்சாங்க. இவன் வையல, மிரட்டுறான். இவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்க இல்ல, போலீஸு."

தேதி, கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி அதைப் படமெடுத்துக்கொண்டாள். முகநூலிலேயே புகார் கொடுத்தாள். நான் கடையைச் சாத்திவிட்டு இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். இணையக் குற்றங்களைப் பார்க்கும் அதிகாரி நிதானமாகப் படித்தார். "அழிக்காம கொண்டுவந்தீங்களே, நல்லது. நீங்க சண்டைக்குப் போயிருந்தா கணக்கை மூடிட்டு ஓடியிருப்பான்" என்றார். அன்று மாலையே அந்தப் பதிவை முகநூல்காரர்கள் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஆனாலும் பயம் போகவில்லை. ஃபவ்வாஸ் தினமும் மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு மாலைவரை வாசலிலேயே நின்றான். "அப்பா, போற வர்றவங்களை எல்லாம் முறைக்காதீங்க. எங்க பேராசிரியரே பின்வாசல் வழியா வர்றாரு" என்று லுஜைன் அலுத்துக்கொண்டாள். அவளுக்கும் உள்ளூர நடுக்கம்தான். பஸ் ஏறவே இல்லை.

பிறகு ஒரு காலையில் அதிகாரி கூப்பிட்டார். ஆளைப் பிடித்துவிட்டார்கள். தூரத்து நகரமான ஸர்க்காவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறவன். அஜ்லூனில் கால் வைத்ததே கிடையாது. பனி பார்க்கக் குடும்பத்தோடு வர விடுப்பு எடுத்து ஏமாந்தானாம். அந்தப் படம் கல்லூரி விழா அன்று எடுத்தது; கல்லூரியின் முகநூல் பக்கத்தில் அப்பா பெயரோடு இருந்ததை எடுத்துப் போட்டிருக்கிறான். பஸ் தெரியும் என்றதெல்லாம் புளுகு.

ஃபவ்வாஸ் என் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "தெரியாதாம்... பஸ்ஸே தெரியாதாம்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சிரித்தான். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

சமாதானம் பேசப் பிடிபட்டவனின் வீட்டுப் பெரியவர்கள் ஃபவ்வாஸ் வீட்டுக்கு வந்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டோம் என்று எங்கள் நாட்டு வழக்கப்படி, கொடுத்த காப்பியைக் கீழே வைத்தார்கள். உள்ளேயிருந்து ரபாப் சொன்னாள்: "சூடா குடிங்க ஐயா, ஆறிடும். வழக்கை மட்டும் திரும்ப வாங்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குடித்தார்கள். வழக்கு நடக்கிறது.

நெஞ்சுப் பாரம் இறங்கிய பிறகு ஃபவ்வாஸ் மிச்சமிருந்த வசவுகளைப் பொறுமையாகப் படித்தான். கேலிகளை அப்படியே விட்டுவிட்டான். மாமியார் கதையை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவனே விழுந்து விழுந்து சிரித்தான். திருடன் என்றவனுக்கு ஒரே வரி: "நான் கணப்பு விக்கிறதில்ல, ரிப்பேர்தான் பண்றேன்." அதற்குமேல் அந்த ஆள் எழுதிய எதையும் கண்டுகொள்ளவில்லை.

அபூ ஸக்ருக்கு எழுதத்தான் நேரமானது. "நான் சொன்னது தப்பாப் போச்சு. உங்க வீட்டு நல்ல காரியத்தைத் தள்ளிப்போட வச்சிட்டேன். உங்க கேள்வியை அழிச்சது அதைவிடத் தப்பு. மன்னிச்சிடுங்க."

பதில் உடனே வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை வச்சிருக்கோம். வானம் எப்படி?"

"மேகம் இருக்கும், மழை இருக்காது."

"பெஞ்சா கூடாரத்தை நீதான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். வந்து சேரு."

நானும் அவனும் போனோம். மழை இல்லை. அபூ ஸக்ர் வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வாய்யா பனிக்காரா!" என்று அவர் கத்தியதில் கூடாரமே திரும்பிப் பார்த்தது. பாகு சொட்டும் கினாஃபா இனிப்பை அவரே இரண்டு முறை தட்டில் வைத்தார். லுஜைன் அன்றைக்குத் தோழிகளோடு பஸ்ஸில் பக்கத்து நகரமான இர்பிதுக்குப் போயிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தான். திரும்பும் வழியில் என் வேனில், வாயைப் பிளந்துகொண்டு, வீடு வந்த பிறகும் எழுப்ப முடியாதபடி தூங்கினான்.