குட்டைக்குள் நட்ட கன்று

ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனியாவது மரம் நடும் விழா என்று பேனர் கட்டியிருந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே என்பதுதான் கொடுமை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊரை ஒட்டிய காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. ஐப்பசி மழையில் நிரம்பினால் சித்திரை வரை தாங்கும். அம்மாவின் ஒன்பது ஆடுகளுக்கும் அதுதான் தண்ணீர். ஆனி மாதம் வறண்டு வெடித்துக் கிடந்த குட்டையைப் பார்த்து, காட்டு நடுவே மரமே இல்லாத பொட்டல் என்று முடிவு கட்டினார்கள் படித்த மகான்கள். வண்டலில் குழி தோண்டுவதும் சுலபம் அல்லவா! ஒரு கம்பெனி பச்சைத் தொப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். குட்டை முழுக்க வரிசையாகத் தைலமரக் கன்றுகள் நட்டோம். நடச் சொன்னதுதான் சொன்னார்கள், தண்ணீரை உறிஞ்சித் தீர்க்கிற மரமாகப் பார்த்தா நடச் சொல்ல வேண்டும்?

அம்மா ஆடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னா சார் இது? இது குட்டை சார். மழ பேஞ்சா ரொம்பிடும். இங்க செடிய வெச்சா ஆடுங்க எங்க போய் தண்ணி குடிக்கும்?"

விழாவை நடத்த வந்திருந்த அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "குட்டையா? தண்ணி எங்கம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுக்குப் புடவையும் கையில் கோலுமாக நிற்கிறவள் என் அம்மா என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு கன்றுக்கும் நட்டவர் பெயர் எழுதிய பலகை வைத்தார்கள். நன்றாக வளர்ப்பவருக்குப் பரிசாம். வீட்டுக் குடத்திலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு தினமும் நடந்தேன். குட்டைக்குத் தண்ணீர் சுமந்த ஒரே புண்ணியவதி நானாகத்தான் இருப்பேன்!

அந்த வருஷம் ஐப்பசி ஏமாற்றியது. மாதக்கணக்கில் நின்று நிதானமாகப் பெய்ய வேண்டிய மழை, கார்த்திகையில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. இப்போது வருஷா வருஷம் இதே கதைதான். அப்படிக் கொட்டுகிற நாளில் பிடித்துவைக்கத்தான் காட்டுக்குக் குட்டை வேண்டும்.

குட்டை நிரம்பியது. "சித்திரை வரிக்கும் கவலையே இல்ல!" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கோ என் கன்றுதான் கவலை. என் பலகையின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. அழுதுகொண்டே தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். அவர் யாருக்கோ போன் செய்தார். மறுநாளே ஜேசிபி வந்து கரையை வெட்டியது. எங்கள் தெருவுக்குச் சாலை போட எத்தனை மனு கொடுத்தும் எட்டிப் பார்க்காத ஜேசிபி! செம்மண் தண்ணீர் முழுவதும் கம்பெனி மதிலோரக் கால்வாயில் விழுந்து ஓடிப்போயிற்று. நாங்கள் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை. மாசியில் அம்மா ஆடுகளை மொத்தமாக வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியில் தரை துடைக்கப் போனாள்.

ஆண்டு விழாவில் எனக்குத்தான் முதல் பரிசு. அம்மா ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைமை ஆசிரியர் மைக்கில் என்னைப் புகழ்ந்தார். இந்தச் சிறுமி அழுதுகொண்டு ஓடி வந்து சொல்லியிருக்காவிட்டால் கரையை வெட்டித் தண்ணீரை வடித்திருக்க முடியாது, அத்தனை கன்றும் செத்திருக்கும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்ற மகள் பரிசு வாங்குகிறாள், ஒரு கைதட்டக்கூட மனசு வரவில்லையே என்று மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை.