சோமன் இடிக்காத கார்

வெறுமனே ராபின்சன் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனைவண்டி ராபின்சன் என்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் யானைச் சின்னம் வரைந்த கேரள அரசுப் பேருந்துக்கு அந்தப் பக்கத்தில் ஆனைவண்டி என்று பெயர். அதை அவர் இருபத்தெட்டு வருஷம் ஓட்டினார். களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை போய், பாலராமபுரத்துச் சந்தியில் சேலை வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே வண்டியை ஊர விட்டு, திருவனந்தபுரம் கொண்டு சேர்ப்பார். அந்தச் சாலையில் எத்தனையோ பேர் விழுந்தார்கள், செத்தார்கள். அவருடைய வண்டி மட்டும் ஒரு சைக்கிளின் கண்ணாடியைக்கூட உரசியதில்லை.

அவருக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அண்ணன் வாத்தியார், தம்பி பத்திர எழுத்தர். குடும்பக் கல்யாணங்களில் அவர்கள் பேசும்போது இவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் யாராவது வண்டி இடித்த கதையை எடுத்தால் சபை இவர் பக்கம் திரும்பும். அதை அவர் வீணாக்கியதில்லை. உதியன்குளங்கரைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவிலுள்ள தன் ஊர் ஜங்ஷனில், ஆட்டோக்காரர்கள் மத்தியில் நின்று, "ஸ்டியரிங் வளையம் பிடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குலே வண்டி?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மகள் பின்சி அவருக்குக் கார் வாங்கிக் கொடுத்தாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். "அப்பா ஊரெல்லாம் ஏத்திக்கொண்டு நடந்தியளே, இனி அம்மயையும் ஏத்துங்க" என்று போனில் சொன்னாள். சாம்பல் நிறக் கார். போதகர் வந்து ஜெபித்துச் சாவியைக் கையில் கொடுத்தார். பின்னால் எடுக்கும்போது காட்டும் கேமராவும், பக்கத்தில் ஏதாவது இருந்தால் கூவும் சத்தமும் அதில் இருந்தன. இரண்டாம் நாளே அந்தச் சத்தத்தை ராபின்சன் நிறுத்திவிட்டார். கூவாத வண்டியையே காலமெல்லாம் ஓட்டினவருக்கு அது அவமானமாகப் பட்டது.

கார் வந்து பத்தொன்பதாவது நாள், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை. கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பந்தல் போடும் இடத்தை அளக்க சர்ச்சுக்குப் போனார். வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். முற்றத்தில் தனியாகக் காரைப் பின்னால் எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த கல் வரிசை ஓரத்தில் உண்டு. அதில் கடைசிக் கல் புல்லுக்குள் கிடந்தது. டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்தார். பின் பம்பரின் இடது மூலை, கீழ் விளிம்பில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. பெயிண்ட் மீன் செதிளைப் போல விண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்தால் போகிற காரியமா? சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. யாருமில்லை என்பதில் தன் நெஞ்சு ஆசுவாசப்பட்டதை அவரே கவனித்தார்.

மனைவி ரெஜிலா ஜங்ஷனில் தையல்கடையில் காத்திருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போய், ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் காரை நிறுத்தினார். அடுத்த நிமிஷம் அவருக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், சோமனின் ஆட்டோ வந்து நின்றது.

சோமன் தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்துக்கு ஏழு பிள்ளைகளைக் கொண்டுபோகிறவன். ஒரு காலத்தில் குடித்தான். குடித்துவிட்டு ஆட்டோவை வாய்க்காலில் இறக்கியதும் உண்டு. அதெல்லாம் விட்டு நாலு வருஷமாகிறது. அதன் பிறகுதான் தாய்மார் நம்பிப் பிள்ளைகளை ஏற்றினார்கள்.

ரெஜிலா தையல் கடையிலிருந்து இறங்கி வந்தாள். கதவைத் திறக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"அய்யோ! இது யாரு இடிச்சது? புது வண்டியாக்குமே!"

அவள் கண் பம்பரிலிருந்து ஆட்டோவின் மூக்குக்குப் போயிற்று.

"சோமா, நீயாக்குமா?"

சோமன் குதித்து இறங்கினான். "இல்ல அக்கா. நான் இப்பம் வந்து நிறுத்தினதாக்கும். தொடவே இல்ல."

ராபின்சன் வாயைத் திறந்தார். நான்தான் இடிச்சேன் என்று சொன்னால் முடிந்தது. ஸ்டாண்டில் எட்டு ஆட்டோக்காரர்கள் நின்றார்கள். எட்டுப் பேரும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்கள். எட்டுப் பேரும் இப்போது பம்பரைப் பார்த்தார்கள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"போட்டும் ரெஜிலா, விடு" என்றார். "தெரியாம பட்டிருக்கும்."

சோமனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "அண்ணா, எனக்க வண்டியில ஒரு கீறல் பாடு உண்டா? குனிஞ்சு பாருங்க."

ராபின்சன் குனியவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல்லியே சோமா. நீ போ."

"மற்றவனா இருந்தா இந்நேரம் செவிட்டில ஒண்ணு வச்சிருப்பான்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அண்ணனுக்க மனசு பெரிசு."

அன்று சாயங்காலமே ரெஜிலா மகளுக்குப் போன் செய்தாள். பின்சி தன்னோடு படித்த சிநேகிதியிடம், சோமன் மறுபடி குடிக்கிறானா என்று கேட்டாள். அந்தச் சிநேகிதியின் பிள்ளை சோமன் ஆட்டோவில் போகிறது. மறுநாள் பின்சி அப்பாவிடமே கேட்டாள்: "சோமன் மாமன் பின்னையும் குடிக்கத் தொடங்கியாச்சாப்பா?"

"எனக்குத் தெரியாது மக்கா" என்றார் ராபின்சன். அதுவும் பொய்தான். குடிக்கவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். அங்கே அஸ்வதி என்று ஒரு பெண் காகிதமும் பேனாவுமாக வந்து குனிந்து பார்த்தாள். சூடு காட்டி உள்ளே போனதை வெளியே தள்ளலாம், பூசி பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் புது வண்டி, இன்ஷூரன்ஸ் உண்டு, பம்பரையே மாற்றிவிடலாம் என்று மலையாளத்தில் சொன்னாள். பிறகு விரிசலில் நகத்தை விட்டு எதையோ சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது.

"சாரே, இது கல்லில் முட்டியதல்லே?"

"எனக்குத் தெரியாது மோளே. பார்க் செய்திருந்தேன். வந்து பாத்தப்பம் இப்படி."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு படிவத்தில், நிறுத்தியிருந்தபோது அடையாளம் தெரியாத வண்டி இடித்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். சோமன் பெயரையோ, ஆட்டோ என்றோகூடச் சொல்லாமல் விட்டதில் ராபின்சனுக்கு உண்மையாகவே ஒரு திருப்தி. அவனுக்கு ஒரு உபகாரம் செய்த மாதிரி. வீட்டுக்கு வருகிற வழியில்தான் அந்தத் திருப்தியை நினைத்துக் கூசினார்.

நாலு நாளில் கார் திரும்பி வந்தது. எங்கே இடித்தது என்று அவரே தேடிப் பார்த்தாலும் தெரியாது.

அதே நாலு நாளில் சோமனின் ஆட்டோவிலிருந்து மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டன. "ஒண்ணுமில்ல, இவளுக்க அப்பன் பைக்கில கொண்டு விடுகாரு" என்று ஒரு தாய் சொன்னாள். மற்றொருத்தி காரணமே சொல்லவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஏழு பிள்ளைகளும் போயாயிற்று. சோமன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். கடைசியில் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய், ஊதச் சொல்லி என்னைச் சோதித்து ஒரு காகிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். உன்மேல் புகாரே இல்லையே, எதற்குச் சோதிக்க என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ராபின்சன்தான் பெரிய மனசோடு மன்னித்துவிட்டாரே, புகார் எங்கிருந்து வரும்?

இந்தக் கதையை ஸ்டாண்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். கேட்டுவிட்டு வந்த ராபின்சனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காரை எடுக்காமல் நடந்தே சோமன் வீட்டுக்குப் போனார்.

சோமன் முற்றத்தில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி லேகா வாசலில் நின்றவள் உட்காரச் சொல்லவில்லை. உள்ளேயும் போகவில்லை.

"சோமா, அது நானாக்கும் இடிச்சது. சர்ச்சு முற்றத்துக் கல்லில."

"தெரியும் அண்ணா."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்க வண்டிக்க மூக்கு அவ்வளவு கீழ படாது. வண்டி ஓட்டுகவனுக்கு இது தெரியாதா? ஸ்டாண்டில நிண்ணவனுவளும் குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க சொன்ன பிறகு யாரு குனிவான்?"

"அந்த நேரத்தில எனக்கு நாக்கு எழும்பல்ல, சோமா."

சோமன் துணியைப் பிழிந்து ஆட்டோவின் மேல் விரித்தான். "எங்கிட்ட சொல்லாண்டாம் அண்ணா. நான் இடிக்கல்லேண்ணு எனக்கு முன்னமே தெரியும். ஸ்டாண்டில போய்ச் சொல்லுங்க. அந்த ஏழு வீட்டிலயும் போய்ச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"எப்பம்?"

"நாளைக்கு."

மறுநாள் ஜங்ஷனுக்குப் போனார். அவரைக் கண்டதும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவன் டீ சொன்னான். டீயைக் குடித்தார். மழை வருமா என்று பேசினார்கள். தம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ரெஜிலாவிடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"இப்பமா சொல்லுகது? நடு ஜங்ஷன்ல நிண்ணு அவனைக் கேட்டது நானாக்கும். மகள் அங்க எல்லாரிட்டயும் சொல்லியாச்சு. நாளைக்கு சர்ச்சில எனக்க மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"அவனுக்குப் பிழைப்பு போச்சு ரெஜிலா."

"வேற சவாரி கிட்டும். கை காலு இருக்குதுல்லா?" களைந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். "நீங்க வாய மூடிட்டு இருங்க."

அவள் அப்படிச் சொன்னதும் அவருக்கு மூச்சு சீராயிற்று. தன்னைத் தடுத்தது இனி அவளாயிற்று. அந்த நிம்மதியைப் போல அவர் தன்னிடம் வெறுத்தது வேறொன்றுமில்லை. ஆனாலும் அதை விடவில்லை.

சோமன் பத்து நாள் பார்த்தான். பதினோராம் நாளிலிருந்து ராபின்சன் எதிரே வந்தால் இல்லாத ஆளைக் கடப்பது போலக் கடந்தான். ஸ்டாண்டில் காலையிலிருந்து நின்றால் இரண்டு ஓட்டம் கிடைத்தால் உண்டு. ஈஸ்டருக்கு முன்னால் ஆட்டோவை விற்றுவிட்டு, காஞ்சிரங்குளம் பக்கம் ஒருவரிடம் தண்ணீர் லாரி ஓட்டப் போனான். விடியுமுன் பஸ் பிடித்துப் போய் இருட்டின பிறகு வருவான். அவன் திரும்பக் குடிப்பான் என்று ஊர் எதிர்பார்த்தது, அவன் குடிக்கவில்லை. குடித்திருந்தால் ராபின்சனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் ஷைஜு வீட்டுக்கு வந்தான். முன்பு சோமனின் ஆட்டோவில் போன ஏழு பிள்ளைகளில் இரண்டு அவனுடையவை. பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓட்டுவதற்கு ஆள் வேண்டும்.

"அண்ணன் ஓட்டினா எங்களுக்கு வீட்டில சமாதானமா இருக்கலாம். உங்களுக்க கையப் பத்தி யாரும் சொல்லித் தரணுமா?"

"எனக்கு வயசாச்சு ஷைஜு."

"ஆனைவண்டி ஓட்டின ஆளுக்கு இந்த வேன் என்ன அண்ணா!"

"கண்ணும் கொஞ்சம் மங்கலாக்கும்."

அது பொய் என்று ஷைஜுவுக்கும் தெரியும். சிரித்தான். உள்ளேயிருந்து ரெஜிலா, "அதுக்கென்ன, காலத்தயும் வைகிட்டும் பள்ளிக்கூட நேரம் மட்டும் தானே? சும்மா தான இருக்காரு" என்றாள். மறுக்க வேண்டுமானால் அவரிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல இந்த முறையும் வாய் வரவில்லை. வேறு ஆள் கிடைக்கும் வரை என்று ஒத்துக்கொண்டார்.

யாரும் வேறு ஆளைத் தேடவில்லை. இது இரண்டாவது வருஷம். காலை எட்டு மணிக்கு வேனை எடுக்கிறார். ஏழு பிள்ளைகள் இப்போது பதினொன்று. முதல் வாரம் ஒரு சின்னப் பெண், "சோமன் மாமன் பாட்டு வைக்கும், நீங்க வைக்க மாட்டியளா?" என்று கேட்டாள். பாட்டுப் பெட்டி கெட்டுப்போயிற்று என்றார். பிறகு அவள் கேட்கவில்லை.

கடைசிப் பிள்ளையை ஏற்றும் வீட்டுக்குச் சோமன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் லேகா முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆபீசு வேலைக்குப் போக ரோட்டில் நிற்பாள். சோமன் தண்ணீர் லாரிக்குப் போன பிறகு அவளும் வேலைக்கு இறங்கிவிட்டாள். வேன் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள். திருப்பிக்கொண்டால்கூட நன்றாயிருக்கும் என்று ராபின்சன் நினைப்பார். நேராக அவரைப் பார்த்தபடி நிற்பாள், வேன் கடந்து போகும் வரை.

போன ஜூலையில் நல்ல மழை. அவள் நனைந்தபடி ஒதுங்கி நின்றாள். ராபின்சன் வேனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். ஏறச் சொல்லவா, வேறு எதையாவது சொல்லவா என்று அவருக்கே தெரியவில்லை.

"லேகா..."

"பிள்ளைகளுக்கு நேரமாவும்" என்றாள் அவள். "போங்க அண்ணா."

கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனை எடுத்தார்.