அடையாளம் இல்லாத ஜெபவீடு

போடியில் குரங்கணி ரோட்டோரம் இருக்கும் எங்கள் ஜெபவீட்டுக்குச் சிலுவையும் கிடையாது, கோபுரமும் கிடையாது. வெள்ளையடித்த நாலு சுவர், மேலே தகரம். ஒரு பெயர்ப்பலகையாவது வைக்கலாம் என்றால், ஜெபவீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிற பேச்சிமுத்து அண்ணன் விடமாட்டார். "கர்த்தரைத் தேடி வர்றவங்களுக்குப் போர்டு எதுக்கு?" என்பார். அவருக்குப் பிழைப்பு ஏலக்காய்த் தோட்டத்தில்.

அவர் மகள் சூர்யகலாவின் கல்யாணம் அங்கேதான். பத்து மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு ஜீப்பு பதினொன்றாகியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "நம்ம சபை வழக்கப்படி நகை போட மாட்டோம்னு சொன்னோம்ல, அதான் வராமப் போயிட்டாங்க" என்று அவர் மனைவி அழத் தொடங்கினாள்.

பேச்சிமுத்து பைக்கில் தேடிப் போனார். ஊருக்குள் கோபுரம் வைத்த சர்ச்சின் பூட்டிய கேட் முன்னால், பூப்பாறையிலிருந்து வந்த சம்பந்தி வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றார்.

"பொண்ணு எங்கய்யா?" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, நம்ம எடம் ரோட்டு மேலயே இருக்குல்ல?"

"அதுவா? ஏலக்கா காயவைக்கிற ஸ்டோருன்னுல்ல நெனச்சு ரெண்டு தடவ தாண்டி வந்தோம்!"

கல்யாணம் மதியம் நடந்தது. மறுவாரம், "இனியாவது ஒரு போர்டு வைப்போம்ணே" என்றேன்.

"நான் எதுக்கு இருக்கேன் அப்பு?" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் முதல் பாட்டு தொடங்கும்வரை, வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் நின்று ஜீப்புகளுக்குக் கைகாட்டுகிறார்.