நடக்கிறவர்களைத் தாண்டிப் போவது

முன்னால் யாராவது நடந்துபோனால் டில்லிபாபுவின் ஆட்டோ தானாகத் தயங்கும். மலைச்சாலை வளைவில், பின்னால் கோயில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாலும் தலையை வெளியே நீட்டிவிடுவான். "ஏறுங்க பெரிப்பா, வெயில்ல ஏன் நடந்துகினு?"

அவனுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டைத் தாண்டி ஒரு சிற்றூர். அப்பா, அம்மா இருவருக்கும் அடுத்தவர் நிலத்தில் வேலை. திருத்தணிக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. மலை ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவான். சித்தூர்க்காரர்கள் ஏறினால் தெலுங்கு. யார் ஏறினாலும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" அடுத்தது, "அங்க யாரூட்டு ஆளுங்க?" சென்னைக்காரர்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

"எங்க ஊர்ல வண்டி வெச்சிகினு நடக்கறவங்கள தாண்டிப் போனா, சாயங்காலமே வூட்டாண்ட வந்து கேப்பாங்கண்ணா. இன்னாடா, கண்ணு தெர்லியான்னு" என்பான், அடிக்கடி அவன் ஆட்டோவில் போகும் என்னிடம்.

ஆட்டோ வீரபத்திரனுடையது; டில்லிபாபு அவரிடம் ஓட்டுகிறவன். தை மாதத்தில் ஒருநாள், வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளைக் கைப்பிடித்து உட்காரவைத்து, பேச இடம் கொடுக்காமல் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே உச்சியில் இறக்கினான் டில்லிபாபு. நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டவர் அவர். அழுதுவிட்டார். திரும்ப அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டு, அவர் முதலிலிருந்து ஏறுவதைப் பார்த்தபடி நின்றான்.

"சாமியையே ஏமாத்தப் பாத்தியேடா" என்றான் சக டிரைவர் கந்தன். ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. வீரபத்திரன் சிரிக்கவில்லை. "இனிமே வழியில எவனையாவது சும்மா ஏத்துனே, சாவி கந்தன் கைக்குப் போய்டும்."

அதற்கப்புறம் டில்லிபாபு ஒரு வழி கண்டுபிடித்தான். "மூஞ்சியப் பாத்தாதான் கால் பிரேக்குக்குப் போவுதுண்ணா. அவங்க கால மட்டும் பாத்துகினு போனா ஓட்டிடலாம்."

போன செவ்வாய்க்கிழமை பின்சீட்டில் என் பக்கத்தில் வீரபத்திரன் இருந்தார். பாதி மலையில் குப்பம்மாள் நடந்துகொண்டிருந்தாள். டில்லிபாபுவுக்கு ஊரில் பக்கத்து வீட்டு அத்தை. இடுப்பில் கட்டைப்பை.

"டேய் டில்லி! நில்றா!" என்று கத்தினாள்.

அவன் கண்ணாடியில் வீரபத்திரனைப் பார்த்தான். ஆட்டோ நிற்கவில்லை. அடுத்த வளைவுவரை அந்தக் குரல் கூடவே வந்தது.

உச்சியில் இறங்கியதும் வீரபத்திரன் அவன் முதுகில் தட்டினார். "ஆங், இப்பதான்டா தொழில் கத்துக்கினே."

கீழே போக நான்கு பேர் காத்திருந்தார்கள். டில்லிபாபு சாவியை உருவி வீரபத்திரன் கையில் வைத்தான்.

"இந்த சவாரி நீங்க போங்கண்ணா."

"எங்கடா போறே? டேய்!"

அவன் சாலையில் இறங்கி நடந்தான். நானும் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். குப்பம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா, ஆட்டோக்காரரு எனக்காக எறங்கி வந்தாராமா?"

அவன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஓரடி பின்னால், அவள் நடைக்கே நடந்து ஏறினான்.