கிணற்றில் முடித்த கதை

எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தின் நோட்டீஸில் கடைசி வரி மாறவே மாறாது: "அனுமதி இலவசம். அனைவரும் வருக." அனைவரும் வந்துவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில் அச்சடித்த வரி அது. அருப்புக்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் யாராவது ஓர் எழுத்தாளர் பேசுவார். முப்பது தலை தெரிந்தால் அன்றைக்கு அது மாநாடு. அதிலும் திருச்சுழி, பரளச்சிப் பக்கத்து ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

அறுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு வருடம், என்னைக் கூப்பிட்டார்கள். நான் தறி நெய்கிறவன், வயது இருபத்திரண்டு. மதுரைப் பத்திரிகை ஒன்றில் என் கதை வந்திருந்தது. மதுரையிலிருந்து பெரிய எழுத்தாளர் வருகிறார், அவர் முன்னால் நீயே வாசி என்றார் மன்றச் செயலாளரான தமிழாசிரியர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கதை என் அக்காவின் கதை. பெரியப்பா மகள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள், அடுத்த தெருவிலேயே. வலிப்பு வரப்போவது அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். உடனே மூக்குத்தித் திருகு விழுந்துவிட்டது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து தேடத் தொடங்குவாள். பெரிதாக வந்தாலும் விழுந்து அடிபடாது, லேசாக வந்தால் யாருக்கும் தெரியாது. இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டே. நான் கதையில் ஊரை மாற்றினேன், சாதியை மாற்றினேன், அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. திருகை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அது அத்தனை நன்றாக இருந்தது.

முடிவு நான் கற்பனை செய்தது. தண்ணீர் இறைக்கும்போது வலிப்பு வந்து அவள் கிணற்றில் விழுந்து சாகிறாள்.

பயம் இல்லையா என்றால், இல்லை. எங்கள் வீடுகளில் பேச்சு தெலுங்கு. பெண்களுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தப் பத்திரிகையைத் தெருவில் வாங்கிப் படித்தவன் நான் ஒருவன்தான். கூடத்தில் வந்து உட்காரும் முப்பது பேரில் எங்கள் தெரு ஆள் ஒருவரும் கிடையாது.

அன்றைக்குக் கூடத்து வாசலில் ரேடியோ செட்டுக்காரர் என்னை வழிமறித்தார். அவர் எங்கள் தெருக்காரர். வழக்கமாகக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கடைத்தெருப் பக்கம் பார்த்துக் கட்டுவார்.

"ஏலே, நம்ம தெருப் பய பேசுறத நம்ம சனம் கேக்க வேணாமா? ரெண்டு குழாயையும் தெருப்பக்கமாத் திருப்பிக் கட்டிட்டேன்" என்றார். பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழையபடி கட்டச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதுரை எழுத்தாளர் வந்து இறங்கிவிட்டார், மாலை போட ஓடினேன். நெசவாளிக்கு ஞாயிறு ஏது, அமாவாசைதானே விடுமுறை, தறிச் சத்தத்தில் எவன் காதில் விழப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் தெருவுக்குப் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. ஜன்னல் வழியே தறிகளின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா திருகு தேடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது; கதையில் அந்த இடத்தைத் தாண்டியதும் பக்கத்துத் தறி ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று. நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் எங்கள் தெரு முழுக்க அடங்கிவிட்டது. அடுத்த தெருவில் கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் ஓய்ந்தது. அமாவாசை தவிர, அத்தனை தறியும் பகலில் நின்று நான் கேட்டதே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மதுரைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. கிணறு வரைக்கும் வாசித்தேன். என்னை நான் மன்னிக்காதது இதற்குத்தான். கைதட்டல் பலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, "அவளையா எழுதின?" என்று மட்டும் கேட்டாள். கதைதான் அம்மா என்றேன். இரண்டு நாள் அடுத்த தெருவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் அக்காவின் டிரங்குப் பெட்டி. பின்னால் அக்கா. அவள் நேராகப் பெரியப்பா வீட்டுக்குள் போய்விட்டாள். நான் அவர் காலில் விழாத குறையாக, மறைத்துக் கட்டிக்கொடுத்தது எங்கள் தப்பு என்றேன்.

"வலிப்பு எனக்குத் தெரியும் மாப்ள" என்றார். "கலியாணம் ஆன மூணாம் மாசமே தெரியும். திருகு விழுந்துருச்சும்பா. நானும் கூட உக்காந்து தேடுவேன். அவளுக்குக் கை வெட்டி இழுக்கிறது நின்னதும், இந்தா கெடைச்சிருச்சுன்னு எந்திரிப்பேன்."

"பெறகு எதுக்கு அத்தான்?"

"எங்கம்மாதான். அவ வாளியத் தொட்டாலே அலறுது. கெணத்துல தண்ணியும் அடியில போயிருச்சு, பாறை தெரியுது. நீ சொன்னாப்புல ஆயிட்டா பழி எங்க வீட்டு மேலதான? கொஞ்ச நாளு இங்ஙன இருக்கட்டும்."

நிஜத்தை மட்டும் எழுதியிருந்தால் அவளுக்கு ஒரு கேடும் வந்திருக்காது. கதை எடுப்பாக முடிய வேண்டும் என்று நானாகச் சேர்த்த கிணறுதான் அவள் குடித்தனத்தைக் கலைத்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று போனேன்.

"தம்பி, கெணத்துல விழுறத மட்டும் மாத்தி எழுதிரு. எழுதி, அதே கொழாயில படி. அத்தை காதுல விழட்டும்."

தமிழாசிரியரைக் கெஞ்சினேன். அடுத்த மாதக் கூட்டத்தில், பேச்சாளருக்கு முன்னால் பத்து நிமிடம் கொடுத்தார். புது முடிவில் கயிறு நழுவுகிறது, வாளி மட்டும் கிணற்றில் விழுகிறது, அவளைப் புருஷன் பிடித்துக்கொள்கிறான். ரேடியோ செட்டுக்காரர் இப்போது விஷயம் தெரிந்து, அந்த வீட்டைப் பார்த்தே குழாயைக் கட்டினார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். போன மாதமே கேட்ட கதை என்று கூடத்தில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

மறுநாள் அத்தான் வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.

"எங்கம்மா கேட்டுச்சு மாப்ள. மொதல்ல படிச்சதுதான் நெசமாம். அக்கா வீட்டுக்கு வந்துட்டாளேன்னு இப்பப் பயந்துபோயி மாத்திப் படிக்கிறானாம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் என்ன செய்ய?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்காவிடம் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். கதையைப் பற்றி உன் மாமியாருக்கு என்ன தெரியும், எழுதியவன் நானா அவளா என்று கேட்டேன். அக்கா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அவுகளத் திட்டாத தம்பி. எனக்கும் நீ மொதல்ல படிச்சதுதான் நெசம்னு தோணுது" என்றாள்.

அழவில்லை. குரலில் கோபமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நூலை வைத்துவிட்டு எழுந்து மூலையில் இருந்த வாளியை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். அந்தத் தெருவில் நான் இருந்த வரைக்கும் அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது நான்தான்.